முயல் கதை எழுதி நிலம் வாங்கிய பெண்



நீலக் கோட்டு போட்ட ஒரு முயல் படத்தை டி.வி.யிலோ நோட்டு அட்டையிலோ நம்ம பிள்ளைங்க பார்த்திருப்பாங்க. அந்த முயலின் பெயர் பீட்டர். அதை வரைந்து கதை எழுதியவர் பீட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) என்ற இங்கிலாந்துப் பெண்மணி.

லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஆனாலும் தம்பியைத்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். இவருக்கு வீட்டிலேயே ஆசிரியை வைத்துப் பாடம். விளையாட ஆள் இல்லை. முயல், எலி, பல்லி, வௌவால் என்று வளர்த்து, அதையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தார். செத்துப்போன பிராணியைக்கூட விடமாட்டார். வேகவைத்து எலும்பை எடுத்து, கால் எப்படி மடங்குகிறது என்று பார்ப்பாராம்! அதனால்தான் இவர் வரைந்த முயல் கோட்டு போட்டிருந்தாலும் நிஜ முயல் மாதிரியே இருக்கும்.

1893-ல், தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியையின் 5 வயது மகன் உடம்பு முடியாமல் படுத்திருந்தான். அவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் பீட்டர் முயல் கதை. பிறகு அதைப் புத்தகமாக்க பல பதிப்பகங்களுக்கு அனுப்பினார். யாரும் வாங்கவில்லை. சின்னப் பிள்ளை கையில் அடங்குகிற அளவு, குறைந்த விலை, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு 1901-ல் 250 பிரதி அச்சடித்தார். அது சீக்கிரமே தீர்ந்துபோனது. மறுபடியும் 200. அதற்குள் முன்பு வேண்டாம் என்ற ஒரு பதிப்பகமே முன்வந்து, 1902-ல் வண்ணப் படங்களோடு 1 ஷில்லிங் விலையில் வெளியிட்டது.

1903-ல் தானே முயல் பொம்மை தைத்து, அதைத் தன் பெயரில் பதிவும் செய்தார். ஆனால் அமெரிக்காவில் புத்தகத்தின் உரிமையைப் பதிப்பகம் பதிவு செய்யாமல் விட்டுவிட்டது. அங்கே கண்டவர்கள் அச்சடித்து விற்றார்கள், இவருக்கு ஒரு காசும் வரவில்லை. பாருங்க, பதிவு செஞ்சதுக்கும் செய்யாததுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

1905-ல் அந்தப் பதிப்பகக் குடும்பத்து இளைஞரோடு திருமணப் பேச்சு வந்தது. வியாபாரக் குடும்பம் என்று பெற்றோர் மறுத்தார்கள். (இவங்க தாத்தாக்கள் சம்பாதிச்சதும் பருத்தித் தொழில்லதான்!) மறுத்தும் இவர் சம்மதம் சொன்னார். ஒரே மாதத்தில் அவர் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

அந்த வருடமே, புத்தகத்தில் வந்த பணத்தோடு அத்தை விட்டுப்போன கொஞ்சத்தையும் சேர்த்து, வடக்கே ஏரி மாவட்டம் என்கிற மலைப்பகுதியில் ஒரு பண்ணையைத் தன் பெயரில் வாங்கினார். அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த வரிசையில் மொத்தம் 23 சிறு புத்தகங்கள். வருமானம் வர வர நிலமாக்கினார். அடுத்தடுத்த கிரயத்தில் உள்ளூர் வக்கீலை வைத்துக்கொண்டார். 1913-ல், 47 வயதில், அந்த வக்கீலையே திருமணம் செய்துகொண்டார்.

பிறகு எழுத்து குறைந்தது, ஆடு வளர்ப்பு கூடியது. ஹெர்ட்விக் என்பது பனியையும் குளிரையும் தாங்குகிற மலை ஆடு. வேலி இல்லாத மலையில், தாய் ஆடு மேய்ந்த இடத்தைக் குட்டி கற்றுக்கொள்ளும். மந்தையை விற்றுவிட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். பீட்ரிக்ஸ் ஆட்டுக் கண்காட்சிகளில் பரிசு வாங்கினார். 1943-ல் ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவராகத் தேர்வான முதல் பெண் அவர்தான். பதவி ஏற்கும் முன் டிசம்பரில் காலமானார்.

4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்று உயிலில் தனியாக எழுதியிருந்தார்.