பாப்பாபட்டியின் காலி நாற்காலி

ஆஸ்திரேலியாவில் அரசியல் சாசனத் திருத்தங்களை ஜனங்களின் வோட்டுக்கு விடுவார்கள். 2023 வரை வந்த 45 யோசனைகளில் 8 தான் தேறின. நம் தேசத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆயினும் மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய கிராமத்தார் ஒரு திருத்தத்தைத் தங்கள் வழியில் தோற்கடித்தே வந்தார்கள். அதுவும் பத்து வருஷ காலம்!

1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தத்தையொட்டி, இவ்வூர்களின் பஞ்சாயத்துத் தலைமை 1996-ல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. பெரும்பான்மையார் ஏற்கவில்லை. சர்க்கார் பலமுறை தேர்தல் அறிவித்தது. ஒரு சமயம் மனுவே வராது; மறு சமயம் ஊரார் நிறுத்திய ஒருவர் ஜயித்துப் பிரமாணம் எடுத்த கையோடு ராஜினாமாக் கடிதம் நீட்டுவார். நேற்றுவரை வயலில் கூலிக்கு நின்றவரிடம் இன்று மனுக் கொடுப்பதா என்ற ரோஷமே இதற்கு மூலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆதிதிராவிடருக்கோ சர்க்காரின் காவலில் நம்பிக்கை இல்லை. அதற்கு நியாயமும் உண்டு. மேலூர் அருகே மேலவளவில் துணிந்து தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-ந் தேதி, மதுரைக் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பஸ்ஸில் திரும்புகையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேர் மாண்டனர். பிறகு யார்தான் மனுத் தாக்கல் செய்ய முன்வருவார்?

2006-ல் கலெக்டர் உதயசந்திரன் கிராமங்களுக்கே சென்று இரு தரப்பாருடனும் பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது. இம்முறை ஜயித்தவர்கள் ராஜினாமாச் செய்யவில்லை. இதைப் பத்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாகாதா?