நாகசுரம் செய்விப்பது எவ்வாறு?

இசைக்கருவியை வாங்குதல் வேறு, செய்வித்தல் வேறு. வாங்குகிறவன் கடையில் உள்ளவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறான். செய்விப்பவனோ, இன்ன சுருதி வேண்டும், இன்ன நீளம் என் விரலுக்கு எட்டும் என்று கைவினைஞரிடம் சொல்லி, பலமுறை ஊதிப் பார்த்துத் திருத்திய பின்னரே ஒரு கருவியைப் பெறுகிறான். பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை நோக்கி வெள்ளி இரதம் புறப்படுகையில் முழங்கும் நாகசுரம் எங்கே, எவ்வாறு, யாருக்காகக் கடையப்படுகிறது என்று நம் மாணவர் வினவினால் விடை சொல்ல ஆசிரியராகிய நாம் ஆயத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நாதசுரம் என்று எழுதுவோர் இன்று மிகுதி. நாகசுரம் என்பதே பழைய வழக்காதலின் இக்கட்டுரையில் அதனையே கையாள்கிறேன். ஊர்ப்புறத்தார் நாயனம் என்பர், அதுவும் பிழையன்று.

இக்கருவியின் நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். அதன் அடியில் பூப்போல் விரிந்திருப்பது அணசு. மேல்முனையில் செருகும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. அதன்மேல் பொருத்துவது கொறுக்கைத் தட்டையால் செய்த சீவாளி. விரலுக்குரிய துளைகள் ஏழு. கீழே வேறு ஐந்து துளைகள் உண்டு. அவற்றை விரல் தொடாது. வேண்டிய அளவு மெழுகால் அடைத்து ஒலியைச் செப்பம் செய்வதற்கே அவை உள்ளன.

வேண்டிச் செய்வித்த கருவி ஒன்று இசை மரபையே மாற்றியதற்குச் சான்று நம்மிடையே உண்டு. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இளமையில் ஊதியது திமிரி எனப்படும் குட்டையான நாகசுரம். அதன் சுருதி நான்கு கட்டைக்கு மேலும் செல்லும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், சுவாமி புறப்பாட்டை நான்கு வீதியாரும் அறியும்படி ஊதுவதற்கு அக்கூர்மை வேண்டியதே. எனினும், வாய்ப்பாட்டும் பயின்ற பிள்ளையவர்கள் நாடிய ஆழமும் குழைவும் அதில் அருமையாகவே கிடைத்தன. மற்றொரு குறை சற்று நுட்பமானது. திமிரியில் சுத்த மத்திமம் துளையில் நேராக நில்லாது. விரலாலும் மூச்சாலும் ஒவ்வொரு முறையும் அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளையவர்கள் பெயரோடு பிரியாமல் வழங்கும் தோடியில் வருவதோ அச்சுத்த மத்திமமே! திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்பார், நீண்ட உலவும் தாழ்ந்த சுருதியும் உடைய கருவியை அவருக்காகச் செய்து கொடுத்தார். சுத்த மத்திமம் தன் இடத்தில் நின்றது. இன்று பெரும்பாலோர் ஊதும் பாரி நாயனம் அந்த வழியில் வந்ததே.

நீளத்தைக் கூட்டினால் சுருதி தாழும். இஃது எளிய செய்தி. குழல் இரட்டித்தால் ஒரு தாயி இறங்கும்; அரைச்சுரம் இறங்குவதற்கு நூற்றுக்கு 6 பங்கு அளவில் நீள வேண்டும். நான்கு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு வருவது 3 அரைச்சுரம். ஆகவே நூற்றுக்கு 19. இதுவரை பள்ளிக் கணக்கு. ஆனால் குழல் நீளும்போது துளைகளும் அதே விகிதத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், விரல் நீளுமா? விரலுக்கு எட்டும்படி துளையைச் சற்று மேலே ஏற்றினால் சுரம் உயரும். அதனைத் தணிக்கத் துளையைச் சிறிதாக்கினால் நாதம் ஒடுங்கும். உள்ளே குடைந்த கூம்பின் சரிவை மாற்றினாலோ எல்லாச் சுரங்களும் ஒருங்கே அசையும். இச்சிக்கலை ஏட்டுக் கணக்கால் மட்டும் அவிழ்க்க இயலாது. கடைந்து, ஊதச் செய்து, கேட்டு, மீண்டும் குடைய வேண்டும். அதனால்தான் ஆசாரிக்கு அருகே வித்துவானும் அமர வேண்டியதாகிறது.

மேனாட்டிலும் ஏறத்தாழ அக்காலத்தில் இதையொத்த வினா எழுந்தது. டபிள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்திக் கருவியின் தாழ்ந்த ஒலியைத் தோளில் மாட்டும் கருவியிற் பெறுவது எவ்வாறு? 1951-இல் அமெரிக்கரான லியோ பெண்டர் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 42 அங்குல அளவில் இருந்த தந்தி 34 அங்குலமாயிற்று. தந்தியின் நீளம் குறைந்தாலும் தடிப்பைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்தலாம். ஒலி குன்றினால், காந்தமும் கம்பிச்சுருளும் உருக்குத் தந்தியின் அசைவை மின்னோட்டமாக்கிப் பெருக்கிக்கு அனுப்பும். இன்று பேஸ் கித்தாரைக் கைவினைஞரிடம் செய்விக்கும் இளைஞர், தந்தியின் நீளம், கழுத்தின் அகலம், மரம், எடை ஆகியவற்றை எழுதியனுப்பினாலே வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிடும். குழற்கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. காற்றைத் தடிப்பாக்க முடியாதே!

உலவுக்குரியது ஆச்சா மரம். பச்சை மரம் ஆகாது. காயக் காயப் பிளக்கும், துளையும் கோணும். ஆகவே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் ஆசாரிமார் தேடி வாங்குகின்றனர். பட்டறையில் அதனைக் கடைந்து உருட்டி, நீண்ட இரும்புத் துரப்பணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி உட்புறத்தைக் கூம்பாகக் குடைவர். உட்புறம் கண்ணுக்குத் தெரியாதாகலின் கைப்பழக்கத்தையே நம்ப வேண்டும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் இத்தொழிலைச் செய்யும் குடும்பங்கள் சிலவே. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. ஆனால் குறியீடு போலியைத் தடுக்க உதவுமேயன்றி, மரத்தையும் தொழில் கற்க வரும் பிள்ளையையும் தாராது. கருவி வேண்டுமென்று கேட்டு வருவோர் இருந்தாலன்றித் தொழில் நில்லாது.

நம் ஊர்க் கோயில் நிருவாகத்தார்க்கும், பிள்ளைகளுக்கு நாகசுர வகுப்பு நடத்த எண்ணும் சங்கத்தார்க்கும் இதனால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். விலையை மட்டும் பார்த்து ஒரே அளவில் பல கருவிகளை வருவிப்பது சிக்கனம்போல் தோன்றும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் விரல் பாரி நாயனத்தின் துளைகளை மூட எட்டாது, மூச்சும் போதாது. அவனுக்குக் குட்டையான கருவியே தக்கது. கோயில் வித்துவானுக்குக் கருவி வேண்டுமாயின், வழிச்செலவு கொடுத்து அவரையே பட்டறைக்கு அனுப்புவது நன்று. அஃது இயலாதபோது, வேண்டிய கட்டை, விரல்களை விரித்த அளவு, வீதியில் ஊதுவதற்கா மேடைக்கா என்ற விவரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுக. அவர் நாள்தோறும் கையாளும் சீவாளியையும் கெண்டையையும் உடன் அனுப்புக. ஆசாரி தம் சீவாளியை வைத்துச் செப்பம் செய்த கருவி, வேறு சீவாளியில் சுருதி மாறி ஒலிக்கக்கூடும். கருவி பழுது என்று திருப்பியனுப்புமுன் முதலில் சோதிக்க வேண்டியது அதனையே.