பக்கத்து வீட்டுக்காரர்கள் தந்த ஆறு மணி நேரம்

1965 பிப்ரவரி 17. லாஸ் ஏஞ்சலிஸில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நடிகை பட்ரிஷியா நீல், திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டார். ‘ஹட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. வயது 39, வயிற்றில் மூன்று மாதக் கரு. கணவர் ரோல்ட் டால், குழந்தைகள் இன்றும் விரும்பிப் படிக்கும் ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ கதையை எழுதியவர். நிலைமை புரிந்ததும் தனக்குப் பழக்கமான மூளை அறுவை நிபுணரைப் போனில் பிடித்தார். மனைவி பிழைத்ததற்கு அந்த வேகமும் ஒரு காரணம்.

மூளையின் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல் உப்பி வெடித்திருந்தது. அடுத்தடுத்து மூன்று பக்கவாதத் தாக்குதல்கள். ஏழு மணி நேர அறுவை சிகிச்சை, மூன்று வாரம் கோமா. நினைவு திரும்பியபோது வலது கை, கால் அசையவில்லை. பேச்சும் போயிருந்தது.

பேச்சு போவது என்றால் அறிவு போவது என்று நாம் நினைத்துவிடுகிறோம். பலருக்கு மூளையின் இடப்பக்கம்தான் பேச்சை ஆள்கிறது. அது உடலின் வலப்பக்கத்தையும் இயக்குவதால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அடிபடும். சொல்ல நினைப்பது உள்ளே தெளிவாக இருக்கும், வார்த்தைதான் வராது. வந்தாலும் வேறு வார்த்தை வரும், சில சமயம் உலகத்தில் இல்லாத வார்த்தை வரும். நீலுக்கும் அப்படித்தான். பின்னாளில் டால் எழுதிய ‘பிஎஃப்ஜி’ கதையின் ராட்சதன் பேசும் விசித்திர மொழிக்கு விதை அந்த வீட்டிலேயே விழுந்தது என்பார்கள்.

மே மாதம் இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆகஸ்டில் பெண் குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது. டாலின் கெடுபிடி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மனைவி ஒரு பொருளைக் கேட்டால், பெயரைச் சொல்லும்வரை தரமாட்டார். வழக்கமாகத் தரப்படும் பயிற்சி நேரம் போதவே போதாது என்பது அவர் முடிவு. ஆனால் நாள் முழுக்கத் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் அவரால் முடியாது. கதை எழுதினால்தான் வீடு ஓடும். 1960இல் நியூயார்க்கில் கார் மோதி மூளையில் அடிபட்ட மகனும் வீட்டில் இருந்தான்.

எனவே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து, நாளுக்கு ஆறு மணி நேரம். ஒருவர் படிக்கச் சொல்லிக்கொடுப்பார், இன்னொருவர் விளையாட்டாகக் கணக்குப் போட வைப்பார். அவர்களில் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற பெண்மணி மாதக்கணக்கில் விடாமல் பயிற்சி கொடுத்தார். இத்தனைக்கும் அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. 1967இல் நியூயார்க்கில் மேடையேறி உரையாற்றிய நீல், 1968இல் ‘தி சப்ஜெக்ட் வாஸ் ரோஸஸ்’ படத்தில் நடித்து மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். தன் அனுபவத்தை 1970இல் புத்தகமாக எழுதிய கிரிஃபித்தின் வழியில், பக்கவாதம் வந்தவர்களின் வீடு தேடிப் போகும் தொண்டர் திட்டம் பிரிட்டனில் உருவானது.

டாலைக் கதாநாயகனாக்கும் கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். அப்புறமும் கதை உண்டு. கணவரின் கண்டிப்பு தன்னைக் காப்பாற்றியது என்று ஒப்புக்கொண்ட நீல், அதை வெறுத்ததையும் மறைக்கவில்லை. கணவன் வாத்தியாராகி, மனைவி மக்கு மாணவியாகிவிட்ட வீட்டில் தாம்பத்தியம் எங்கே உட்காரும்? டாலுக்கு வேறொரு பெண்ணோடு உறவு ஏற்பட்டது, 1983இல் விவாகரத்து. மணமுறிவுக்கு நோய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான்.

டாலின் கண்டிப்பைவிட, பக்கத்து வீட்டுக்காரர்களின் அந்த முறைப்பட்டியல்தான் பெரிய விஷயம் என்று தோன்றுகிறது. வீட்டாரே பயிற்சி கொடுப்பது பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வு ஒன்றும் யோசிக்க வைக்கிறது. ‘அட்டெண்ட்’ என்ற அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கக் கற்றுத் தந்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் கையை எதிர்பார்த்திருந்தார்கள். 2017இல் வெளியான இந்த முடிவுக்காக வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்க்க வேண்டிய வேலையை மனைவி தலையிலோ கணவன் தலையிலோ கட்டிவிட முடியாது, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடலாம். படுத்த வாக்கில் கஞ்சி புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அவர் வார்த்தையைத் தேடும்போது நாமே சொல்லி முடித்துவிடாமல் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நல்ல கையால் சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகட்டுமே! நம் வீடுகளில் பாசம் என்பது பெரும்பாலும் ‘நீங்க சும்மா படுங்க, நான் பாத்துக்கறேன்’ என்பதுதான். படுத்தே இருந்தால் தசை இன்னும் வேகமாக இளைக்கிறது.

பார்த்துக்கொள்பவருக்கும் முதுகு வலிக்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எரிந்து விழுந்துவிட்டோமே என்று அழுகையும் வரும். அவரை யாரும் நலம் விசாரிப்பதில்லை. அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் இல்லாவிட்டால் பரவாயில்லை. ‘செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து அஞ்சு மணிவரை நான் கூட இருக்கேன்க்கா, நீங்க கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள். சொன்னால் செவ்வாய்க்கிழமை மறக்காமல் போங்கள்.