அவைநடுக்கமும் இசைப்பயிற்சியும்

கற்றல் ஒன்று, கற்றதை அவையில் நிறுவுதல் மற்றொன்று. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருக்குறட் பொருட்பாலில் 72ஆம் அதிகாரம் அவையறிதல். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அவையை அறிந்தவனுக்கும் அஞ்சாமை தானே வந்துவிடாது என்பது இவ்வைப்புமுறையாற் புலனாகும். சொல்லுக்கு உரிய இவ்வுண்மை இசைக்கும் உரியதே.

சென்ற நவராத்திரியிற் பாடசாலையொன்றில் நடைபெற்ற கலைமகள் விழாவிலே இளம் ஆசிரியர் ஒருவர் பாடினார். கணிதம் கற்பிப்பவர், இசையைப் பற்றுடன் பயில்பவர். அன்று அவர் பாடிய கல்யாணி இராகக் கீர்த்தனையை என் வீட்டு விறாந்தையிற் பலமுறை கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். மேடையிலோ அதனை வேறொருவர் பாடுவது போலிருந்தது. பல்லவியிலேயே காலம் விரைந்தது. மிருதங்கமும் உடன் ஓடிற்று. அனுபல்லவியில் மேற்சட்சத்தை எட்டுமுன் குரல் பிசிறியது. சரணத்தில் ஓரடி மறந்தது. பின்வரிசையிற் சிரிப்பொலி எழுந்தது. "இனி நான் மேடை ஏறமாட்டேன், ஐயா" என்றார் அன்றிரவு. நல்ல குரலொன்று இவ்வாறு அடங்கிவிடலாகாது என்ற கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நடந்ததை இருவரும் ஆராய்ந்தோம். ஒரு கட்டைச் சுருதியிற் பயின்றவர் அன்று ஒன்றரைக் கட்டையிற் பாடியிருக்கிறார். மிருதங்கம் அச்சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருந்தது; மூத்த வித்துவானிடம் மாற்றுமாறு கேட்க இவருக்குக் கூச்சம். வர்ணம் ஒன்று பாடிக் குரலைப் பதப்படுத்தாமல் நேரே கீர்த்தனையில் இறங்கியிருக்கிறார். இவற்றுள் எதுவும் ஞானக்குறைவு அன்று. அஞ்சுங்கால் நா வறளும்; மூச்சுக் குறுகும்; நெஞ்சு விரைந்து துடிக்கும். அவ்விரைவையே தாளத்தின் நடையென மனம் மயங்கும். இஃது உடலின் இயற்கை. "அஞ்சாதே" என்னும் அறிவுரை இதற்கு மருந்தாகாது.

மருந்து பயிற்சியே; எனினும் பாடலை மேலும் நூறுமுறை தனியே பாடுவதன்று. பிறர் கேட்கப் பாடும் பயிற்சி வேண்டும். முதலில் வீட்டார் இருவர் முன், பின்னர் நண்பர் ஐவர் முன், அதன்பின் வகுப்பறையொன்றில் எனச் சிறிது சிறிதாக அவையைப் பெருக்குதல் நன்று. கீர்த்தனையை எப்போதும் பல்லவியிலிருந்தே தொடங்கிப் பழகியவர், இடையில் தவறினால் மீள வழியறியார். ஆகவே அனுபல்லவியிலிருந்தும், சரணத்தின் ஒவ்வோர் அடியிலிருந்தும் எடுத்துப் பாடிப் பழகவேண்டும். பிழை நேர்ந்தால் முகத்தைச் சுளிக்காமல், தாளத்தை விடாமல், அடுத்த எடுப்பிற் சேர்ந்துகொள்வதும் பயிற்சியால் வருவதே. தொடங்குமுன் தாளத்தை இரண்டு ஆவர்த்தனம் மௌனமாகப் போட்டால் காலம் நிலைபெறும். பாடியதைக் கைத்தொலைபேசியிற் பதிந்து மறுநாட் கேட்டால், எங்கே விரைந்தோம் என்பதைச் செவியே காட்டிக்கொடுக்கும். பக்கவாத்தியக்காரரை விழாவுக்கு முன்னரே கண்டு சுருதியைச் சொல்லிவிடுவது மரியாதைக் குறைவாகாது.

சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை இங்கு நினைத்தல் தகும். ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு கழித்துப் பன்னிரண்டாம் அகவையிலேதான் மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவள் ஆடுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் அரங்கின் அளவுகளையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அரங்கேற்றம் ஒருவர் செயலன்று. பலர் சேர்ந்து தாங்குவது என்பதே இதன் கருத்தென்பேன்.

அவ்வாறாயின் அவையோருக்கும் பங்குண்டு. பயில்பவரின் பாட்டுக்குச் செவிகொடுப்பதும் ஒரு கலை. தவறிய இடத்திற் சிரிப்பவர் ஒரு பாடகரை இழக்கிறார். பொறுத்திருப்பவர் ஒருவரைப் பெறுகிறார். மாணவருக்குப் பாடக் கற்பிக்கும் நாம், கேட்கவும் கற்பித்தல் வேண்டும்.

அவ்விளைஞர் வரும் வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டு விறாந்தையில் எட்டுப்பேர் முன் பாட இசைந்திருக்கிறார். சுருதி ஒரு கட்டை, முதலில் வர்ணம்.