கம்பனிச் செயலாளர் யார்? அவரது பொறுப்பு என்ன?

"எங்கட ஒபீஸில் கடிதம் டைப் பண்ணுகிற பிள்ளையையே கம்பனியின் செக்ரட்டரியாகவும் போட்டுவிட்டால் என்ன? வெளியாளுக்கு ஏன் வருடா வருடம் காசு கொடுக்க வேண்டும்?" என்று ஹாஜியார் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். நல்ல வியாபாரி, கணக்கில் கெட்டிக்காரர். ஆனாலும் இந்த விடயத்தில் பெயர் அவரைக் குழப்பிவிட்டது. முகாமையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவரும் செயலாளர்தான், சட்டம் கேட்கின்ற கம்பனிச் செயலாளரும் செயலாளர்தான். வேலையோ முற்றிலும் வேறு. பல வருடங்களாக இத்தொழிலில் இருப்பவன் என்பதால் இக்கேள்வி எனக்குப் புதிதல்ல. வேறு பலருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

இலங்கையில் இன்று நடைமுறையில் உள்ளது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அது 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2007 மே 3ஆம் திகதி அமுலுக்கு வந்தது. இச்சட்டத்தின்படி ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு செயலாளர் இருந்தே ஆகவேண்டும். ஒரேயொரு பங்குதாரரையும் ஒரேயொரு பணிப்பாளரையும் கொண்டு தனியார் கம்பனி அமைக்க இச்சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த ஒரேயொரு பணிப்பாளர் தானே செயலாளராகவும் இருக்க முடியாது. இன்னொருவரின் கண்ணும் கையும் கம்பனிக்குள் இருக்கட்டும் என்று சட்டம் நினைத்ததாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அடுத்து, கம்பனியின் புரள்வு அல்லது கூறப்பட்ட மூலதனம் விதிக்கப்பட்ட அளவைத் தாண்டினால், செயலாளராக வருபவர் குறிப்பிட்ட தகைமைகளை உடையவராக இருக்க வேண்டும். சட்டத்தரணிகள், பட்டயக் கணக்காளர்கள், பட்டயச் செயலாளர்கள் போன்றோர் இந்த வட்டத்துக்குள் வருவர். ஹாஜியாரின் கம்பனி அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே டைப் பண்ணும் பிள்ளை அந்த வேலையையே செய்யட்டும்.

கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் தனியான ஓர் ஆள். அதன் உரிமையாளர் வேறு, அது வேறு. ஆனால் இந்த ஆளுக்கு வாயும் இல்லை, ஞாபகமும் இல்லை. என்ன முடிவெடுத்தது, யாருக்கு எத்தனை பங்கு கொடுத்தது, யார் விலகினார், யார் வந்தார் என்பதையெல்லாம் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதி வைப்பவர்தான் செயலாளர்.

அவரை வெறும் எழுதுவினைஞராக நினைத்த காலமும் இருந்தது. இங்கிலாந்தில் 1887இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், செயலாளர் ஏவியதைச் செய்யும் ஊழியர் மட்டுமே என்ற கருத்தில் நீதிமன்றம் இருந்தது. 1971இல் பெனோரமா எதிர் பிடெலிஸ் என்ற வழக்கு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. பிடெலிஸ் கம்பனியின் செயலாளர், கம்பனியின் முக்கிய வாடிக்கையாளர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரவென்று சொல்லி வாடகைக் கார்களை எடுத்தார். தாள்களில் கம்பனிச் செயலாளர் என்றே கையொப்பமிட்டார். கார்களைப் பாவித்ததோ தனது சொந்தத் தேவைக்கு. வாடகையைக் கொடுக்க முடியாது என்று கம்பனி நின்றது. நிர்வாக விடயங்களில் கம்பனியின் சார்பில் ஒப்பந்தம் செய்ய இன்றைய செயலாளருக்கு அதிகாரம் இருப்பதாக வெளியார் நம்புவது நியாயமே, ஆகவே கம்பனிதான் பணம் கட்ட வேண்டும் என்று டெனிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் தீர்த்தார்கள். எமது பழைய கம்பனிச் சட்டங்கள் இங்கிலாந்தைப் பார்த்து எழுதப்பட்டவை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு நியூசிலாந்தைப் பின்பற்றியது. அப்படியிருந்தும் இத்தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. யாரையாவது போட்டு இடத்தை நிரப்புவோம் என்பவர்கள், அந்த 'யாரோ' கம்பனியைக் கட்டிப்போடக் கூடியவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வருடாந்த வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கம்பனி பதிவான 18 மாதங்களுக்குள் முதலாவது வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வருடமும், கணக்கு முடியும் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள்ளும், முந்திய கூட்டத்திலிருந்து 15 மாதங்களைத் தாண்டாமலும் நடத்த வேண்டும். சிறிய கம்பனிகளில் கூட்டத்துக்குப் பதிலாக எழுத்துமூலத் தீர்மானமும் போதும், ஆனால் நூற்றுக்கு 85 வீதமான ஆதரவுக் கையொப்பங்கள் வேண்டும். கூட்டம் முடிந்து 30 வேலை நாட்களுக்குள் வருடாந்த விபரத்திரட்டு, அதாவது 15ஆம் படிவம், கம்பனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். பணிப்பாளரோ செயலாளரோ மாறினால் 20 வேலை நாட்களுக்குள் 20ஆம் படிவம். புதிய பங்குகள் வழங்கினால் அதே 20 வேலை நாட்களுக்குள் 6ஆம் படிவம். இவற்றைத் தவறவிட்டால் தண்டப்பணம் கம்பனிக்கு மட்டுமல்ல, பணிப்பாளர்களின் தலையிலும் விழும்.

ஆனால் தண்டம் கட்டித் தீர்க்கக் கூடியது. தீர்க்க முடியாத ஒன்றை ஒரு குடும்பக் கம்பனியில் பார்த்தேன்.

தந்தையின் பெயரில் 9,600 பங்குகள், அவருடன் கடையில் நின்ற இளைய மகனின் பெயரில் 400. மூத்த மகன் வெளிநாட்டில். கடைக்கு மாடி கட்டியதும் புதிய இயந்திரம் இறக்கியதும் அவர் வருடக்கணக்கில் அனுப்பிய பணத்தில்தான். "இதில் உனக்குப் பாதி" என்று வாப்பா சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் மறுக்கவும் இல்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு பங்குகூட வழங்கப்படவில்லை. பணிப்பாளர் சபைத் தீர்மானம் இல்லை, 6ஆம் படிவம் இல்லை, பணம் வந்தது கடனாகவா மூலதனமாகவா என்று ஒரு வரிகூட இல்லை. தந்தை மரண சாசனம் எதுவும் எழுதாமல் மௌத்தானார்.

பங்குப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு முதற்சான்று. ஆகவே 9,600 பங்குகளும் தந்தையின் சொத்து. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமின்றிய வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அவை ஷரீஅத் முறையில் பிரிய வேண்டும். தாய்க்கு எட்டிலொன்று, 1,200. மிகுதி 8,400இல் இரண்டு ஆண்மக்களுக்கும் தலா 2,800, இரண்டு பெண்மக்களுக்கும் தலா 1,400. இளையவரின் கையில் ஏற்கனவே இருந்த 400ஐயும் சேர்த்தால் அவருக்கு 3,200. கம்பனியையே தூக்கி நிறுத்திய மூத்தவருக்கு 2,800. சகோதரிகளின் கணவன்மார் சட்டப்படி தங்கள் பங்கைக் கேட்டார்கள், அதில் பிழை சொல்ல முடியாது. மூத்தவர் தனது பணத்தைக் கேட்டார், அதிலும் பிழை சொல்ல முடியாது. ஒருவரும் பொய் சொல்லாமலேயே ஒரு குடும்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது.

அந்தக் கம்பனிக்கும் ஒரு செயலாளர் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வெற்றுப் படிவங்களில் கையொப்பம் வாங்கிப் போவார், அவ்வளவுதான். அவருக்கு வேறெதுவும் சொல்லப்படவில்லை. அவரும் கேட்கவில்லை. "கணக்கில் இத்தனை இலட்சம் வந்திருக்கிறதே, இது கடனா, பங்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், வாப்பாவின் ஹயாத்திலேயே ஒரு தீர்மானமும் ஒரு படிவமும் ஒரு பங்குச் சான்றிதழுமாக விடயம் முடிந்திருக்கும்.

வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுக்கும் பழக்கம் எம்மிடையே நிறையவே உண்டு. நம்பிக்கை என்பார்கள். இன்னும் சிலர், நடக்காத கூட்டத்துக்குப் பழைய திகதியிட்டுக் கூட்டறிக்கை எழுதித் தரும்படி செயலாளரிடம் கேட்பார்கள், வங்கி அவசரமாகக் கேட்கிறது என்று. எழுதித் தர மறுப்பவரே நல்ல செயலாளர். அவர் மறுத்தால் கோபப்படாதீர்கள். பின்னொரு நாள் நீதிமன்றத்தில் அந்தக் கூட்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது நீங்கள்தான்.

இலாபப்பங்கு விடயத்திலும் அப்படியே. பெட்டியில் காசு இருக்கிறது என்பதற்காகப் பிரித்தெடுக்க முடியாது. கொடுத்த பின்னரும் கம்பனி தனது கடன்களை உரிய நேரத்தில் தீர்க்கக் கூடிய நிலையில் இருக்கும் என்று பணிப்பாளர் சபை திருப்தியடைய வேண்டும், கணக்காய்வாளரின் சான்றிதழும் பெற வேண்டும். இதை நினைவூட்டுவதும் செயலாளரின் வேலை. கேட்பதும் கேட்காததும் பணிப்பாளர்களின் பாடு. இறுதிப் பொறுப்பு அவர்களுடையது, அதைச் செயலாளரின் தலையில் சுமத்திவிட முடியாது.

அண்மைய மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பங்குகள் ஒருவர் பெயரில், உண்மையான உரிமை இன்னொருவரிடம் என்ற ஏற்பாடு எம்மவரிடையே சாதாரணம். 2025இல் நிறைவேறிய கம்பனிகள் திருத்தச் சட்டம், பெயருக்குப் பின்னால் உண்மையில் பயன்பெறும் உரிமையாளர் யார் என்பதையும் கம்பனிகள் பதிந்து வெளிப்படுத்தக் கோருகிறது. உங்கள் கம்பனியில் அப்படி ஏதும் இருந்தால் செயலாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

செயலாளரை மாற்ற விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேடுகள் கம்பனியின் சொத்து, செயலாளரின் சொத்தல்ல. கட்டணப் பிணக்கில் புத்தகங்கள் பழையவரின் அலுமாரியிலேயே தங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். பழையவரின் கணக்கை முதலில் தீர்த்துவிடுங்கள். பங்குப் பதிவேடு, கூட்டறிக்கைப் புத்தகம், பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், இதுவரை பதிவாளருக்கு அனுப்பிய படிவங்களின் பிரதிகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் புதியவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, 20ஆம் படிவத்தை அனுப்பலாம்.