பத்தாண்டுக்கு ஒருமுறை ததும்பும் வெளி

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நாராயண்காவ். தக்காளிச் சந்தைக்கும் தமாஷா கூத்துக்கும் பேர்போன ஊர். அதன் பக்கத்துக் கிராமமான கோடத்தில், வயல்களுக்கு நடுவே 45 மீட்டர் விட்டமுள்ள கம்பிவலைக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மொத்தம் 30 கிண்ணங்கள். 14 ஒரே இடத்தில் நெருங்கி நிற்க, மற்ற 16 மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் விரிவுக்குப் பரந்திருக்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்னும் இந்த ரேடியோ தொலைநோக்கியைப் புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் நடத்துகிறது.

2023 ஜூன் 29 அன்று உலகின் பல நாட்டு வானியலாளர்கள் ஒரே நேரத்தில் ஒரு செய்தியை அறிவித்தார்கள். பிரபஞ்சம் முழுவதும், வெளியையே சற்று நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகள் மிக மெதுவாக ஏறி இறங்கியபடி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கான சான்று கிடைத்திருக்கிறது என்பதே அது. அறிவித்தவர்களில் ஐரோப்பியக் குழுவோடு இணைந்து உழைத்த இந்தியக் குழுவும் ஒன்று. அதன் முதன்மைக் கருவி கோடத்துத் தொலைநோக்கிதான். தொடக்க காலத்தில் நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் இந்த வேலைக்குக் கைகொடுத்தது.

2015-இல் அமெரிக்காவின் லைகோ கருவி பிடித்த ஈர்ப்பலை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துபோனது. சூரியனைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதியதில் எழுந்தது அது. 2023-இல் சொல்லப்பட்ட அலைகளோ ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. பத்தாண்டில் ஒருமுறை ததும்பும் அலையின் நீளம் பத்து ஒளியாண்டு. விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று கலந்தபின், அவற்றின் நடுவில் இருந்த ராட்சதக் கருந்துளைகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுவதால் இவை பிறக்கின்றன என்பதே இப்போதைக்குப் பொருத்தமான விளக்கம்.

இவ்வளவு நீண்ட அலையைப் பிடிக்கும் கருவியைப் பூமியில் கட்ட முடியாது. ஆனால் இயற்கை ஏற்கெனவே ஒன்றை அமைத்து வைத்திருக்கிறது. பல்சார்கள் என்பவை எரிந்து முடிந்த பெருவிண்மீன்களின் சுழலும் உள்ளகங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரேடியோ துடிப்பு நம்மை வந்து சேரும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் மில்லிவிநாடிப் பல்சார்களில் முதலாவது 1982-இல் கண்டுபிடிக்கப்பட்டது. விநாடிக்கு 642 சுற்று! அந்தக் குழுவில் மகாராஷ்டிரத்தின் குருந்த்வாடில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்ணியும் இருந்தார்; அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். அணுக்கடிகாரத்துக்கு அருகில் வைத்துப் பேசத்தக்க சீர் இந்தச் சுழற்சியில் இருக்கிறது.

ஈர்ப்பலை கடக்கும்போது நமக்கும் பல்சாருக்கும் இடையிலான வெளி சற்றே நீளும், சுருங்கும். துடிப்புகள் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். எவ்வளவு என்றால், ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு அளவுக்கு. ஒரே பல்சாரில் இப்படித் தெரிந்தால் அதை நம்ப முடியாது. அந்தப் பல்சாரே தடுமாறியிருக்கலாம். வானத்தில் அருகருகே உள்ள பல்சார்கள் சேர்ந்து பிந்த வேண்டும், ஏறக்குறைய செங்கோணத்தில் விலகி நிற்பவை எதிரெதிராக நடக்க வேண்டும் என்று ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் 1983-இலேயே கணக்கிட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்துத் தரவுகளில் தலைகாட்டியது அந்த வடிவம்தான்.

இதில் கோடத்தின் பங்கு என்ன? நான் மிகவும் வியப்பது இதைத்தான். விண்மீன்களுக்கு இடையிலான வெளி முழு வெறுமை அல்ல. அங்கே எலக்ட்ரான்கள் மிதக்கின்றன. ஜே1909-3744 என்ற பல்சாரை எடுத்துக்கொள்வோம். அதன் திசையில் நூறு மில்லி கொள்ளும் இடத்துக்குச் சராசரியாக ஒரே ஒரு எலக்ட்ரான்தான் இருக்கும். ஆனால் துடிப்பு சுமார் 3,700 ஒளியாண்டு அவற்றின் ஊடே வந்தாக வேண்டும். அவை துடிப்பைத் தாமதப்படுத்தும்; அதிர்வெண் குறையக் குறைய அந்தத் தாமதம் கூடும். 1,400 மெகாஹெர்ட்ஸில் வந்து சேரும் துடிப்புக்கும் 400 மெகாஹெர்ட்ஸில் வரும் அதே துடிப்புக்கும் இடையே கிட்டத்தட்ட கால் விநாடி வித்தியாசம். தேடுகிற ஈர்ப்பலையின் சுவட்டைப் போல இருபத்தைந்து லட்சம் மடங்கு! தாமதம் மாறாமல் இருந்தால் கழித்துவிட்டுப் போகலாம். ஆனால் பூமியும் பல்சாரும் நகர்வதாலும் சூரியக் காற்று குறுக்கிடுவதாலும் அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

ஐரோப்பியத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் கேட்டவை. கோடத்துத் தொலைநோக்கிக்குப் பலமே தாழ்ந்த அதிர்வெண்கள். 400 மெகாஹெர்ட்ஸில் எலக்ட்ரான்களின் விளைவு 1,400-இல் இருப்பதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிதாகத் தெரிவதால், அதைத் துல்லியமாக அளந்து கழிக்க முடியும். ஐரோப்பியர்களின் ஏறத்தாழ 25 ஆண்டுத் தரவோடு இந்தியக் குழுவின் மூன்றரை ஆண்டுத் தரவு சேர்ந்தது இதற்காகத்தான். பிழையைக் கழித்துக் கொடுப்பது இரண்டாந்தர வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. கால் விநாடியைச் சரியாகக் கழிக்கத் தெரியாதவருக்குக் கோடியில் ஒரு பங்கு விநாடி கண்ணில் படவே படாது.

கிடைத்த சான்று தற்செயலாக அமைந்திருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இயற்பியலாளர்கள் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க எதிர்பார்ப்பது முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்று. ஆகவே "சான்று" என்ற சொல்லோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் துடிப்புகளை எண்ண வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

கோவிந்த் ஸ்வரூப் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது. 1970-இல் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை எழுப்பியவர் அவர். சரிவு 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே விண்மீனைப் பின்தொடரலாம். கோடத்தில் கனத்த உலோகத் தகடுகளுக்குப் பதிலாக மெல்லிய துருப்பிடிக்காத கம்பிவலையை எஃகுக் கயிறுகளால் இழுத்துக் கட்டிக் கிண்ணமாக்கினார். காற்று ஊடே போய்விடும், எடையும் செலவும் குறையும். ரேடியோ அலை நீளமானது என்பதால் சல்லடைக் கண்கள் அதற்குத் தெரியாது. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இந்தக் கிண்ணங்களுக்கு ரேடியோ அமைதி வேண்டும். புனே–நாசிக் அரை அதிவேக ரயில் பாதை முதலில் நாராயண்காவ் பக்கமாகத் திட்டமிடப்பட்டது; தொலைநோக்கியைப் பாதிக்கும் என்பதால் பாதையை மாற்றுவதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். ரயிலை எதிர்பார்த்திருந்த அந்த வட்டார மக்களின் ஏமாற்றம் நியாயமானது. அவர்களுக்கு வேறு வகையில் நல்ல போக்குவரத்து கிடைத்தே ஆகவேண்டும். ஆனால் ரயில் பாதைக்கு மாற்று வழி உண்டு, கெட்டுப்போன ரேடியோ அமைதிக்கு மாற்று இல்லை என்பதால் முடிவு சரியானது என்றே சொல்வேன்.

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28-ஐ ஒட்டிக் கோடத்தில் பொதுமக்களுக்காகக் கண்காட்சி நடத்துவது வழக்கம். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் திரளாக வருவார்கள். புனே பக்கம் வேலையாக இருக்கும் தமிழர்களே, அந்த நாட்களில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போங்கள்.