புவியியல் பாடநூல் தேர்வும் மாணவர் வாசிப்புத்திறனும்

உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பில் பயிலும் மாணவர்களின் வாசிப்புத்திறன் ஒரே தன்மையதாக அமைவதில்லை. பாடநூல் அரசால் வகுக்கப்பட்டதாயினும், துணைநூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரைச் சார்கிறது. அச்சும் படங்களும் விலையும் ஆராயப்படும் அளவிற்கு நூலின் மொழி ஆராயப்படுவதில்லை.

1948ஆம் ஆண்டு ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கிலத்திற்கென வகுத்த வாசிப்பு எளிமை வாய்பாடு, தொடரின் நீளத்தையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் அடிப்படையாகக் கொண்டது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு அஃது அப்படியே பொருந்தாது. 'மலைத்தொடர்களிலிருந்து' என்பது நெடுஞ்சொல்லாயினும் மாணவருக்கு இடர் தருவதன்று. 'அயனம்' என்னும் குறுஞ்சொல் விளக்கமின்றி விளங்காது. இதனினும் பயன்தருவது 1953இல் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்திய இடைவெளி நிரப்பு முறையாகும். ஒரே பொருள் பற்றிய பத்திகளை இரு நூல்களினின்றும் எடுத்து, ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் நீக்கி மாணவரை நிரப்பச் செய்தால், எந்நூல் அவர்க்கு எட்டும் என்பது ஒருவாறு புலப்படும். இதனை ஒரு பாடவேளையிலேயே செய்து பார்த்துவிடலாம்.

தொடரமைப்பே இங்குத் தலையாய சிக்கல். 'அரபிக் கடலிலிருந்து ஈரப்பதத்துடன் வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்பட்டு மேலெழுந்து குளிர்ந்து மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிடுவதால் கோயம்புத்தூர்ப் பகுதி மழை மறைவுப் பிரதேசமாக விளங்குகிறது' என்னும் தொடரில் மூன்று வினையெச்சங்களைக் கடந்தே காரணமும், அதன் பின்னரே பயனிலையும் வருகின்றன. திறன் குறைந்த மாணவர் இறுதியை எட்டுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகிறார். இதற்கு மாற்றாகச் சில எளிய நூல்கள், 'காற்று மலையில் மோதுகிறது. மேற்கில் மழை பெய்கிறது. கிழக்கில் மழை குறைவு' என எழுதுகின்றன. தொடர்கள் எளியனவே. ஆயின் காற்று மேலெழுவதும் குளிர்வதும் மறைந்துவிட்டன. 'இதனால்' என்னும் இணைப்பும் இல்லை. எவருக்காக நூல் எளிமையாக்கப்பட்டதோ அவரே காரணம் அறியாது மனப்பாடம் செய்ய நேர்கிறது. இத்தகைய நூலைவிடக் கடினமான நூலே மேலானது. அதனை ஆசிரியர் விளக்கவேனும் இயலும்.

கலைச்சொல்லும் கருதத்தக்கது. அட்சரேகை, அட்சக்கோடு, அகலாங்கு எனப் பலவாறு வழங்கும் ஒன்றினை, பாடநூல் ஒரு பெயராலும் துணைநூல் வேறொரு பெயராலும் சுட்டினால், அவற்றை இரு வேறு பொருள்களாக மாணவர் கொள்ளக்கூடும். 'வடகிழக்குப் பருவக்காற்று' வடகிழக்கு நோக்கி வீசுவதாக மயங்குவோரும் உளர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் தமிழ் வழங்குவதைச் சுட்டும் நூல் இம்மயக்கத்தை எளிதில் நீக்கும்.